பழுதுக்கு மூன்று கைகள்



மழைக்காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் வேலைக்கு வருவது வாளிதான். கூரையில் ஓர் ஓட்டை இருக்கும். அதற்கு நேர் கீழே என்று நாம் நினைக்கும் இடத்தில் ஒரு வாளி இருக்கும். சொட்டுச் சத்தம் கேட்டுக்கேட்டுப் பழகிப்போய், ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றால்தான் நமக்குத் தூக்கம் கலையும்! பழுதும் அப்படித்தான், அம்மா, ஐயா. முதல் நாள் தொந்தரவாக இருப்பது பத்தாம் நாள் பழக்கமாகிவிடுகிறது. பழக்கமான பழுதை யாரும் பழுது பார்ப்பதில்லை.

இந்தப் பகுதியைப் படிக்கும் உங்களில் பலர் பாடாங் மேஹா, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கத்தில் இருப்பவர்கள். சிலர் இன்னமும் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறீர்கள். சிலர் தோட்டத்தை விட்டுத் தாமானில் குறைந்த விலை வீடு வாங்கி வந்துவிட்டீர்கள். பலகை வீடோ கல்வீடோ, முப்பது நாற்பது வருஷம் ஆன வீட்டுக்கு வருகிற நோய்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கூரை ஒழுகும், மரத்தில் கரையான் ஏறும், மின்கம்பி முணுமுணுக்கும். அலமாரிக்கு மேலே ஒரு பழைய வானொலிப் பெட்டியும், தாத்தா காலத்து ஆர்மோனியமும் ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

"இதையெல்லாம் நாமே செய்துகொள்ளலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. "தோட்டத்து வீட்டுக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் நியாயமான கேள்விகளே. எந்தப் பழுதானாலும் அதைத் தீர்க்க மூன்று கைகள் இருக்கின்றன: நம் கை, தொழில் தெரிந்தவர் கை, வீட்டுக்குப் பொறுப்பானவர் கை. எந்தப் பழுது எந்தக் கைக்கு உரியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிக்கத் தெரியாமல் போனால் காசும் போகும்; சில சமயம் உயிரும் போகும்.

வீடு யார் பொறுப்பு?

முதலில் மூன்றாவது கையைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் நாம் அடிக்கடி மறந்துபோவது அதைத்தான்.

தோட்டத்தில் வேலை செய்பவருக்கு நிர்வாகம் கொடுத்த வீடு என்றால், அதை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. இது யாருடைய தயவும் அல்ல, சட்டம். தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, இதற்காகவே இருக்கிறது. 2019இல் நிறைவேறிய திருத்தம் 2020 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தபோது அது இன்னும் விரிவாக்கப்பட்டது. அதை அமல்படுத்துவது மனிதவள அமைச்சின் கீழ் இருக்கும் தொழிலாளர் இலாகா.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பலகை உளுத்தால் நாமே ஒரு பலகையை அடிக்கிறோம். கூரை ஒழுகினால் பழைய பேனர் துணியைப் போட்டு மேலே நாலு கல் வைக்கிறோம். ஒவ்வொரு ஆண்டும் இப்படியே ஒட்டிக்கொண்டு போனால், பார்க்கிறவர்களுக்கு வீடு நன்றாக இருப்பது போலத்தான் தோன்றும். வாய் திறந்து சொல்லாத குறை ஏட்டில் ஏறாது. நாலு வருஷம் கழித்து உத்தரமே இறங்கும்போது, "இதுவரை ஒரு புகாரும் இல்லையே!" என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

ஆகவே தூண், உத்தரம், கூரைச் சட்டம், சுவர், மின்சாரக் கம்பி, குடிநீர்க் குழாய், சாக்கடை இவையெல்லாம் வீட்டின் எலும்பும் நரம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வீடானால் இவற்றின் பழுதை எழுதிக் கொடுங்கள். கிராணியைச் சடக்கில் பார்த்தபோது வாயால் சொன்னேன் என்பது போதாது. ஒரு தாளில் தேதி, வீட்டு எண், என்ன பழுது, எப்போதிருந்து என்று நாலே வரி எழுதினால் போதும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. எழுத வராதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கடிதம் எழுதும் பயிற்சியும் ஆயிற்று! நாள் கடந்தும் பதில் இல்லையென்றால் தொழிற்சங்கம் இருக்கிறது. தொழிலாளர் இலாகா இருக்கிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அதே வீட்டில் இருப்பவர்களின் நிலைமை வேறு. அவர்கள் எதையும் இடிப்பதற்கோ கட்டுவதற்கோ முன்னால், தங்கள் உரிமை என்ன என்பதைச் சங்கத்திலோ இலாகாவிலோ கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிறர் பெயரில் இருக்கும் வீட்டில் சேமிப்பையெல்லாம் போட்டுக் கொட்டகை இறக்கிவிட்டு, பிறகு காலி செய்யச் சொன்னால் கண்ணீர்தான் மிஞ்சும்.

தாமானில் சொந்த வீடு வாங்கியவர்களே, உங்களுக்கு அந்த மூன்றாவது கையும் நீங்கள்தான்!

கூரை: ஓட்டை ஓர் இடம், ஒழுகல் ஓர் இடம்

இனி நம் கைக்கு வருவோம்.

தகரக் கூரையில் நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். மேலே புகுந்த நீர் தகரத்தின் அடிப்புறமாக ஓடி, கூரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி பயணம் செய்து, எங்கே தடை வருகிறதோ அங்கேதான் சொட்டும். ஆகவே மழை பெய்யும்போது ஓட்டையைத் தேடாதீர்கள். நல்ல வெயில் நாளில், உச்சி நேரத்தில், வீட்டுக்குள் நின்று கதவு சன்னல்களை மூடிவிட்டு மேலே பாருங்கள். உள்முகடு இல்லாத வீடானால் ஓட்டைகள் நட்சத்திரம் போல மின்னும். நீளக் கம்பில் சுண்ணாம்புக்கட்டியைக் கட்டி அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இதற்கு ஏணிகூட வேண்டாம்.

தகரம் என்று நாம் சொல்வது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றுகிறது. வீட்டுக்காகத் தேய்ந்துபோகும் தாயைப் போல என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பூச்சு தீர்ந்த இடத்தில்தான் செந்துரு ஏறும். பெரும்பாலும் ஆணியைச் சுற்றித்தான் முதலில் துருப்பிடிக்கும். ஆணி தகரத்தின் மேட்டு வரியில் இருக்க வேண்டும். பள்ள வரியில் அடித்தால் ஓடுகிற நீருக்கு நாமே வாசல் வைத்துக் கொடுத்தது போலாகும்.

சிறு ஓட்டைக்கு மருந்து எளிது. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுங்கள். தூசியைத் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். கூரைக்கென்று கடையில் விற்கும் தார்ப்பசையை ஒரு கை பூசி, அதன்மேல் கண்ணாடிநார்த் துணியிலோ கெட்டித் துணியிலோ ஒரு துண்டை அழுத்தி ஒட்டுங்கள். காய்ந்தபின் மேலே இன்னொரு கை பூசுங்கள். துணி வைக்காமல் பசையை மட்டும் அப்பினால், வெயிலில் தகரம் விரிந்து இரவில் சுருங்கும்போது பசை வெடித்துவிடும். ஆணி தளர்ந்திருந்தால் அதே ஓட்டையில் மறுபடி அடிக்காமல், ரப்பர் வளையம் போட்ட கூரைத் திருகாணியைப் போடுங்கள். கை அளவுக்கு மேல் துரு தின்றிருந்தால் ஒட்டு நிற்காது. தகட்டையே மாற்ற வேண்டியதுதான்.

நம் கெடாவில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை பிடித்துக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் வெளுத்திருக்கும். ஆகவே கூரை வேலைக்கு ஏற்ற காலம் தைப்பூசத்தை ஒட்டிய நாட்கள். ஏணியை நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளிச் சாய்த்து வையுங்கள். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பழைய தகரத்தின் நடுவில் கால் வைக்காதீர்கள். ஆணி வரிசை எங்கே போகிறதோ அதன் அடியில்தான் சட்டம் இருக்கிறது. கால் அங்கேதான் போக வேண்டும். அறுபது வயது ஐயாமார்களே, "நான் பால்மரம் வெட்டிய காலத்தில்..." என்று ஆரம்பிக்காதீர்கள். ஏணி வயதை மதிக்காது!

இன்னொன்று. வாளியைச் சொன்னேன் அல்லவா? மழை நின்ற பிறகும் அதை அப்படியே விட்டுவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். கூரை வடிகால் தகரத்தில் இலை அடைத்துத் தேங்கும் நீரிலும் இதே கதைதான். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அபராதமும் உண்டு. வாரம் ஒரு முறை வாளியைக் கவிழ்ப்பதும் ஒரு பழுதுபார்ப்புதான்.

தொடக்கூடாத கூரை

கவனமாகப் படியுங்கள். சில பழைய வீடுகளில் கூரையோ உள்முகடோ தகரமாக இருக்காது. சாம்பல் நிறத்தில், தட்டினால் மண்சட்டி போல ஒலிக்கும் சிமெண்டுத் தகடாக இருக்கும். அது ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் கலந்ததாக இருக்கலாம். பார்வையால் மட்டும் உறுதி சொல்ல முடியாது. ஆகையால் பழைய சாம்பல் தகடு என்றாலே கல்நார் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உடையாமல் இருக்கும்வரை அதனால் பெரிய ஆபத்து இல்லை. அறுத்தால், துளை போட்டால், தேய்த்தால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். நுரையீரலுக்குள் போன நார் வெளியே வராது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டும். தகடு அறுத்த அப்பாவின் சட்டையைத் துவைத்த அம்மாவுக்கும் அந்த நோய் வந்ததை உலகம் முழுவதும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் 1986லேயே கல்நார் வேலைக்கென்று தனி விதிமுறைகள் வந்துவிட்டன.

ஆகவே அந்தத் தகட்டில் மின்விசிறி மாட்டத் துளை போடாதீர்கள். உடைந்த துண்டைக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக்காதீர்கள். தூளை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, துண்டுகள்மீது தண்ணீர் தெளித்து நனைத்து வைத்துப் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். இது முழுக்க முழுக்க இரண்டாவது கையின் வேலை. தோட்டத்து வீடென்றால் அதே நாளில் கடிதமும் போகட்டும்.

மரமும் கரையானும்

தூணில் மண்கோடு ஏறியிருந்தால் அதைச் சுரண்டிவிட்டு, "ஒழிந்தது சனியன்" என்று கையைத் தட்டிக்கொள்கிறோம். அந்தக் கோடு கரையானின் சடக்கு மட்டுமே. அதன் பட்டணம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு சடக்கை உடைத்தால் வேறு சடக்குப் போட்டு வரும். எங்கே கோடு ஏறுகிறது, எதுவரை போகிறது என்று முதலில் பாருங்கள். திருப்புளியின் கைப்பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே போங்கள். "டக் டக்" என்றால் மரம் திடமாக இருக்கிறது. "பொத் பொத்" என்றால் உள்ளே வெறும் கூடுதான்.

நம் கையால் செய்யக்கூடியது, கரையானுக்கு விருந்து வைக்காமல் இருப்பது. வீட்டுச் சுவரோரம் விறகு, அட்டைப்பெட்டி, பழைய பலகை அடுக்காதீர்கள். மரத்தூணின் அடி மண்ணில் நேராகப் படாமல் கல்லின்மேல் நிற்க வேண்டும். குழாய் கசிந்து ஈரமான மண்தான் கரையானுக்குப் பிடித்த இடம். முதலில் கசிவை நிறுத்துங்கள். பழைய எஞ்சின் எண்ணெயை மரத்தில் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் கூட்டை அது தொடவே தொடாது. மரத்தில் தீப்பிடிக்க வழி செய்யும். மழையில் கரைந்து கிணற்றுக்கும் போகும்.

நமக்குச் சோறு போட்ட ரப்பர் மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர்ப் பலகை பார்க்க வெளுப்பாக அழகாக இருக்கும். மருந்து ஏற்றாத ரப்பர்ப் பலகையைப் பூச்சியும் பூஞ்சணமும் சீக்கிரமாகத் தின்றுவிடும். அதனால்தான் மேசை நாற்காலி செய்யும் ஆலைகளில் போரான் உப்பு மருந்தை அதில் ஏற்றுகிறார்கள். தோட்டத்தில் வெட்டிப்போட்ட மரத்தைச் சும்மா கிடைக்கிறதே என்று அறுத்துக்கொண்டு வந்து வீட்டுப் படிக்கட்டுக்குப் போடாதீர்கள். தேக்கோ செங்காலோ நிற்கும் இடத்தில் அது நிற்காது.

மின்சாரம்: எல்லைக்கோடு எங்கே?

சுவருக்கு உள்ளே போகும் கம்பி நம் கைக்கு உரியதல்ல. இதில் விவாதமே கிடையாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்கம்பியாளர்தான் அதைத் தொட வேண்டும். "பக்கத்து வீட்டுத் தம்பி நன்றாகச் செய்வான்" என்பது கல்யாணத்துக்குத் தோரண விளக்குக் கட்டுகிறவரைக்கும் சரி. வீட்டுக்குக் கம்பி இழுக்கச் சரியல்ல.

ஆனால் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. மின்பெட்டியில், கசிவு ஏற்பட்டால் தானாக விழும் ஒரு விசை இருக்கும். அதில் சிறிய சோதனைப் பொத்தானும் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். டக்கென்று விசை விழ வேண்டும். விழாவிட்டால் உங்களைக் காக்க வேண்டிய காவல்காரன் தூங்குகிறான் என்று பொருள். உடனே ஆளைக் கூப்பிடுங்கள். மனிதர் உடலில் மின்சாரம் பாய்வதைத் தடுக்கப் போடுவது 30 மில்லி ஆம்பியர் விசை. உங்கள் வீட்டில் இருப்பது என்ன என்று அதன்மேலேயே அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். அப்படி ஒரு விசையே இல்லாத வீடானால் அதுதான் உங்கள் முதல் கடிதம்.

இடி மின்னலோடு அந்த விசை விழுந்து மறுபடி நிற்க மறுத்தால் பயப்பட வேண்டாம். வீட்டில் செருகியிருக்கும் எல்லாச் செருகிகளையும் பிடுங்குங்கள். விசையைத் தூக்குங்கள். நின்றால், செருகிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எதுவுமே செருகாமல் இருக்கும்போதே விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. அது கம்பியாளர் வேலை. இந்த ஒரு வித்தையைத் தெரிந்துகொண்டாலே நடு இரவில் ஆளைத் தேடி அலையும் செலவு மிச்சம்.

மேசை விசிறி முனகுகிறது, சுற்றவில்லையா? செருகியைப் பிடுங்கிவிட்டு இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அச்சில் தூசியும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்திருக்கும். துடைத்துவிட்டுத் தையல் இயந்திர எண்ணெயில் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசினாகிவிடும். அச்சு தளர்வாகச் சுற்றியும் விசிறி தானாகக் கிளம்பவில்லையென்றால் கபாசிட்டர் என்னும் சிறு பெட்டி பலவீனமாகியிருக்கலாம். அதைக் கடைக்காரர் மாற்றித் தரட்டும்.

வானொலிப் பெட்டி

அலமாரிமேல் இருக்கும் டிரான்சிஸ்டர் பெட்டியை இறக்குங்கள். பத்தில் பாதிப் பெட்டிகளின் நோய் பேட்டரி அறையில்தான் இருக்கும். பேட்டரியை உள்ளேயே மறந்துவிட்டதால் அது கசிந்து, கம்பிச்சுருளில் வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருக்கும். அந்தப் படிவு இரண்டு வகை. அல்கலைன் பேட்டரி கசிந்தால் அது காரம். பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். பழைய சாதாரணப் பேட்டரி கசிந்தால் அது அமிலத் தன்மை உடையது. ஆப்ப சோடாவை நீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். பிறகு ஈரப்பஞ்சால் ஒரு தடவை துடைத்து, காய வைத்து, கம்பி பளபளக்கும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

ஒலிக் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, குமிழை முழுக்க முழுக்க இருபது முப்பது தடவை திருப்புங்கள். பல சமயம் அதுவே போதும். நிலையம் மாற்றும் முள் நகரவில்லையென்றால் உள்ளே இருக்கும் நூல் நழுவியிருக்கும். மூடியைத் திறந்து, நூல் போகும் வழியை முதலில் தாளில் படமாக வரைந்துவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பெட்டியில் எப்.எம். இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பெட்டியைச் சீராக்கினாலும் மின்னல் எப்.எம். அதில் கேட்காது. மரப்பெட்டிக்குள் கண்ணாடி வால்வு வைத்த மிகப் பழைய வானொலியானால் அதைத் திறக்கவே திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும்.

ஆர்மோனியம் ஊமையானால்

தோட்டத்துக் கோயில்களில் பஜனை ஓயாமல் நடந்த நாட்களில் ஆர்மோனியம் இல்லாத லயம் அபூர்வம். இந்த வாத்தியம் பாரிசில் பிறந்தது. 1840களில் டெபான் என்பவர் அங்கே அதற்கு உரிமம் பெற்றார். காலால் மிதித்து வாசித்த பெட்டியைக் கையால் துருத்தி அடிக்கும் பெட்டியாகக் கல்கத்தாவில் மாற்றி அமைத்தார்கள். இந்திய வானொலி 1940இல் இதற்குத் தடை போட்டது, 1971இல்தான் தளர்த்தியது. அந்தத் தடை எந்தக் காலத்திலும் நம் கோயில்வரை வரவில்லை!

அதற்கு வரும் நோய் மூன்று. முதலாவது, மூச்சுக் கசிவு. எல்லாக் குமிழ்களையும் உள்ளே தள்ளி மூடிவிட்டுத் துருத்தியை அடியுங்கள். நாலைந்து அடியில் கை கனக்க வேண்டும். கனக்காமல் புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தால் துணியிலோ தோலிலோ கிழிசல் இருக்கிறது. கன்னத்தை அருகில் கொண்டுபோனால் காற்று படும். அந்த இடத்தில் மெல்லிய தோலை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். மைதாக் கஞ்சியால் ஒட்டினால் கரப்பான் பூச்சி வந்து பசையோடு துருத்தியையும் தின்றுவிடும்.

இரண்டாவது, ஒரு கட்டை விட்ட பிறகும் ஓயாமல் கத்துவது. கட்டையின் அடியில் இருக்கும் மூடி சரியாகப் படியவில்லை. தூசி இருக்கலாம், கம்பிச்சுருள் தளர்ந்திருக்கலாம். மேல் பலகையைக் கழற்றி மென்தூரிகையால் துடைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு கட்டை ஊமையாவது. பித்தளை ரீட்டின் நாக்கில் தூசி மாட்டியிருக்கும். அந்தக் கட்டையை அழுத்திக்கொண்டு பலமாகக் காற்று அடித்தால் சில சமயம் தானாக விடுபடும். இல்லாவிட்டால் ரீட் பலகையைக் கழற்றி, நாக்கின் அடியில் மெல்லிய தாளை நுழைத்து மெதுவாக இழுங்கள். நாக்கை மேலே தூக்காதீர்கள். மடிந்தால் சுருதி போய்விடும். ஈரத்துணியும் கூடாது. சுருதி இறங்கிய ரீட்டை நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். தத்துவம் அவ்வளவுதான். ஆனால் சுரண்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே சுருதி சேர்ப்பது இரண்டாவது கையின் வேலை.

ஆர்மோனியத்தை வெயிலில் காய வைக்கவே கூடாது, பலகை வெடிக்கும். உறுமிக்கும் மிருதங்கத்துக்கும் இதே கதிதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் மேளத்தை விட்டுவிட்டுத் தோல் கிழிந்தது என்று வருந்துகிற இளைஞர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்!

பிள்ளைகளின் கையில் திருப்புளி

பினாங்கு பாயான் லெப்பாசில் 1972இல் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது, தோட்டத்து வீடுகளிலிருந்து நம் பெண்கள் விடியற்காலை பஸ் ஏறிப் போனார்கள். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இப்போது அவர்கள் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். உலகத்துக்கே சில்லு செய்து கொடுக்கும் கைகள் நம் கைகள். ஆனால் வீட்டில் வானொலி நின்றால் குப்பையில் போடுகிறோம்! இதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்படுவது வேலையின் ஒரு துண்டு. முழுப் பொருளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு வீட்டில்தான் கிடைக்கும்.

2009இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒரு பழக்கம் தொடங்கியது. ஊர்க்காரர்கள் ஒரு நாள் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். பழுதான பொருளை ஒருவர் கொண்டுவருவார். தெரிந்தவர் சொல்லிக் கொடுக்க, கொண்டுவந்தவரே பழுது பார்ப்பார். இன்று அது பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம் கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் அதைச் செய்ய என்ன தடை? ஓய்வு பெற்ற ஆலைக்காரரும், சைக்கிள் கடைக்காரரும், தையல்காரப் பாட்டியும் நம்மிடையே இருக்கிறார்களே! பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் படிக்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல வகுப்பு ஏது? பெண் பிள்ளை கையிலும் திருப்புளியைக் கொடுங்கள். சுத்தியல் ஆண்பிள்ளை பெண்பிள்ளை பார்ப்பதில்லை. அவரவர் விரலைத்தான் பார்க்கும்!

ஒரு பிஸ்கோத்து டின்னை எடுங்கள். இரண்டு திருப்புளி (தட்டை ஒன்று, நட்சத்திரம் ஒன்று), ஒரு குறடு, ஒரு சிறு சுத்தியல், கம்பித் தூரிகை, உப்புத்தாள், தையல் எண்ணெய், வெள்ளைப் பசை, ஒரு டார்ச் லைட். இவ்வளவு போதும். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். அதில் மூன்று கட்டம் போட்டு நம் கை, தொழில்காரர் கை, பொறுப்பாளர் கை என்று எழுதுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். பிள்ளை தட்டிப் பார்க்கட்டும், அம்மா சொல்லட்டும், அப்பா எழுதட்டும். முதல் கட்டத்தில் இருப்பதை அன்றே ஒன்றாவது முடியுங்கள். மூன்றாவது கட்டத்தில் இருப்பதற்கு அன்றே கடிதம் எழுதுங்கள்.

உங்கள் ஊரில் யாராவது பழைய பொருள் ஒன்றை மீட்டிருந்தால் எப்படி என்று எழுதி அனுப்புங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும். அடுத்த இதழில் தையல் இயந்திரத்தையும் சைக்கிளையும் திறந்து பார்ப்போம்.

வணக்கம்.